சோப்புப் போட்ட வில்

அக்கா என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அவள் புருஷனுக்கு நான் செய்தது தப்பா என்று யாராவது கேட்டால், தப்புதான் என்று சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு தடவையும் செய்வேன். அப்போது இவ்வளவு அவசரப்படாமல், ருசித்துச் செய்வேன். அத்தான் கட்டிய பதிவுக்கூடம் இப்போது சோபா விற்கிற கடையாக இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் ஓரமாகத்தான் உட்காருவேன்.

நான் வயலின் வாசிக்கிறவள். மேடையில் தனியாக உட்கார்ந்து கைதட்டல் வாங்குகிற ரகம் இல்லை. பதிவுக்கூடத்தில் முப்பது பேரோடு உட்கார்ந்து, பாடுகிறவருக்குப் பின்னால் ஓடுகிற இசையை வாசிக்கிற கூட்டத்தில் ஒருத்தி. சின்ன வயதில் நான் பழகுகிற சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர், "உள்ள என்ன, மரம் அறுக்கிறீங்களா?" என்று வந்து விசாரித்தாராம். அன்றிலிருந்து என் பெயர் ரம்பம். தொழிலுக்கு வந்தபிறகும் அதுவே ஒட்டிக்கொண்டது. அப்படிக் கூப்பிட்டால் எனக்குக் கோபம் வராது. என் கோபத்துக்கு வேறு ஆள் இருந்தார்.

கூட்டத்தில் எனக்கு முதல் நாற்காலி. அது பெருமைக்குப் போடுகிற நாற்காலி இல்லை. முப்பது பேர் சேர்ந்து வாசித்தால் முப்பது வில்லும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒருத்தருக்கு மேலே ஏறும்போது இன்னொருத்தருக்குக் கீழே இறங்கினால் சத்தமும் கந்தல், பார்க்கவும் அசிங்கம். எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது முதல் நாற்காலிதான். பாட்டு ஆரம்பிக்கும் முன் யாராவது ஒருத்தர், "ரம்பம், மேலயா கீழயா?" என்று கேட்பார். நான் சொல்வேன். அதற்குப் பிறகு கேட்கவும் வேண்டாம், என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். என் வில் எழுந்தால் எல்லா வில்லும் எழும், என் வில் நின்றால் நிற்கும். வருஷக்கணக்கில் பழகிப்போன கை, மூளையிடம் அனுமதி கேட்காது.

அப்படிப்பட்ட எங்களுக்கு ஒரு கட்டத்தில் வேலையே இல்லாமல் போனது. படக்காரர்கள், பாட்டுக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் செலவு குறைவு என்று பக்கத்து மாநிலத்துக்கு ஓடினார்கள். அவர்களைத் திரும்ப இழுக்க நம் மாநில அரசும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நாங்கள் ஏறாத படி இல்லை. எங்கள் கூட்டத்தில் செல்லோ, அதாவது தரையில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின், வாசிக்கிறவர் ஒருத்தர் உண்டு. வயதில் மூத்தவர், ஆளும் பெரிசு, வாத்தியமும் பெரிசு. லிஃப்ட் ஓடாத அந்த அரசு அலுவலகத்தில் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னோடு ஏறினவர் அவர்தான். கடைசியில் திட்டம் வந்தது. இங்கேயே வந்து, இங்கே இருக்கிற கலைஞர்களை வாசிக்க வைத்து இசையைப் பதிவு செய்தால், செலவில் ஒரு பங்கை அரசாங்கமே திருப்பித் தரும். ஊக்கத்தொகை என்று பெயர். ஒரே நிபந்தனை, உள்ளூர் ஆட்கள் நிஜமாக உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்த அன்று செல்லோக்காரர் என் தலையில் ஒரு குட்டு வைத்து, "சாதிச்சுட்டோம்டி ரம்பம்" என்றார். வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

திட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றவர் என் அத்தான், அக்கா வீட்டுக்காரர். அதுவரை பற்பசைக்கும் பெயின்ட்டுக்கும் விளம்பரப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். இருந்ததையெல்லாம் போட்டுப் பெரிய ஹால் ஒன்றைக் கட்டினார். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, தரையெல்லாம் சாம்பல் நிற விரிப்பு, ஒரு பக்கம் பெரிய கண்ணாடி, அதற்குப் பின்னால் இயந்திர அறை. எனக்கு வாயெல்லாம் பல். நம்ம வீட்டு ஆளே ஹால் கட்டுகிறார், இனி நமக்கு என்ன குறை என்று நினைத்தேன்.

"மச்சினி, ஹால் புதுசு," என்றார். "எந்தச் சுரம் எந்த மூலையில எப்படி மோதுதுன்னு சோதிக்கணும். நீ ஒவ்வொண்ணா வாசி. மெதுவா ஒருவாட்டி, ஓங்கி ஒருவாட்டி. மேல இழுத்து ஒருவாட்டி, கீழ இழுத்து ஒருவாட்டி."

வாசித்தேன், பைத்தியக்காரி. ஒரு வாரம், ஜலதோஷத்தோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தேன். அக்கா நடுநடுவே வந்து டீ கொடுத்தாள், நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள். "உன் கை யாருக்கு வரும்டி" என்றாள். சொந்தக்காரர்களுக்குச் செய்கிற வேலை ஆயிற்றே, கணக்குப் பார்க்கலாமா?

ஹால் ஓட ஆரம்பித்தது. பாட்டு மேல் பாட்டாக வெளியே வந்தது. எங்களில் ஒருத்தருக்கும் அழைப்பு வரவில்லை. வரும், வரும் என்று எல்லாருக்கும் நான்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மருந்துக் கடையில் நிற்கிறேன், கடைக்காரர் ரேடியோவில் புதுப் பாட்டு ஒன்று. பாட்டுக்கு நடுவில் வயலின்கள் கூட்டமாகக் கிளம்பின. அடுத்த அறையில் இருமுவது தன் பிள்ளை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அது என் வயலின். முப்பது பேர் வாசிக்கிற மாதிரிக் கேட்கிறது, முப்பதும் நான். ஹாலைச் சோதிக்க நான் வாசித்த ஒவ்வொரு சுரத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு பட்டனுக்கு ஒரு சுரம் என்று வைத்துக்கொண்டு, தட்டித் தட்டிப் பாட்டுப் பண்ணிக்கொண்டிருந்தார் மனுஷன்.

நேரே போய்ச் சண்டை போட்டேன். அவர் அசரவே இல்லை.

"ஊரே உன் வயலினைத்தான் கேக்குது. சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டுக் கத்துறியே!" என்றார்.

அதோடு விட்டாரா? மற்றவர்கள் போய்க் கேட்டபோது, "உங்க ரம்பம்தான் மனசாரக் குடுத்தா. போய் அவளைக் கேளுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

ஹாலுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. வேலை இல்லாத நாளிலும் எங்கள் ஆட்கள் அங்கேதான் கூடுவார்கள். அடுத்த நாள் நான் போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். செல்லோக்காரர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவர் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

"எங்க எல்லாரையும் வித்துட்டு, எங்க பக்கத்துலயே வந்து உக்காருறியா?" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு! நாலு பேர் பேச்சை ஒரே ஆளாகப் பேசுகிறவளுக்கு, அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அக்காவின் கணவர் உடன்பிறந்தவர் மாதிரி என்று நம்பினேன், ஏமாற்றிவிட்டார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வேலை போனது கூட எனக்குப் பெரிதில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்து வயிற்றைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பாதி டீதான் நெஞ்சில் நின்றுவிட்டது. அத்தானை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். அதையும் இந்தக் கூட்டத்தின் கண் எதிரிலேயே செய்து, என் பேரில் ஒட்டிய அழுக்கு அங்கேயே போக வேண்டும். மூன்று வருஷம் இதைத் தவிர வேறு எதுவும் நான் ஆசைப்படவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அக்கா முன்னால், அத்தான் பின்னால். காரியம் ஆக வேண்டுமென்றால் அவர் அக்காவை முன்னால் தள்ளிவிட்டுத்தான் வருவார்.

"அரசாங்கத்துல புது ரூல் போட்டுட்டாங்க மச்சினி," என்றார் உட்கார்ந்ததும். "அதிகாரி நேர்ல வந்து பதிவைப் பார்த்தாத்தான் இனிமே ஊக்கத்தொகையாம்."

"வந்து பார்க்கட்டுமே."

"பார்க்க ஆள் வேணாமா?"

"இத்தனை வருஷமா யாரைக் காட்டி வாங்கினீங்க அத்தான்?"

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு அக்காதான் மெதுவாகச் சொன்னாள், "உங்க பேரெல்லாம்தான்டி போட்டிருக்கு. அந்தப் பழைய குரூப் ஃபோட்டோவையும் வச்சு அனுப்பிடுவாரு."

நாங்கள் மூச்சு வாங்கப் படியேறி வாங்கிய திட்டம். எங்களுக்குச் சோறு போட வேண்டிய திட்டம். எங்கள் பெயரைச் சொல்லியே அதை வாங்கித் தின்றுவிட்டு, எங்களைத் தெருவில் விட்டிருக்கிறார். இத்தனைக்கும் அந்தக் குரூப் ஃபோட்டோவில் எல்லாரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்போம்.

"சரி, எங்களை வாசிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் நிஜமாகவே அந்த ஆசை வந்தது.

"ஐயோ, வாசிக்கவெல்லாம் வேணாம். பாட்டு ரெடியா இருக்கு. மெஷின் ரூம் ஸ்பீக்கர்ல அது ஓடும். நீங்க கையை மட்டும் ஆட்டினாப் போதும். வில்லுக்கெல்லாம் சோப்புத் தேய்ச்சு வச்சுடுறேன், ஒரு பொட்டுச் சத்தம் வராது."

வயலின்காரர்கள் வில்லின் முடியில் ரோசின் என்கிற பிசின் கட்டியைத் தேய்ப்போம். அந்தப் பிடிப்பில்தான் கம்பி பேசும். அதற்குப் பதில் சோப்பைத் தேய்த்தால் வில் வழுக்கிக்கொண்டு போகும். கை ஆடும், கம்பி ஊமையாகிவிடும். வயலின் தெரியாத நடிகர்களுக்குப் படப்பிடிப்பில் செய்கிற வேலை அது. அதை எங்களுக்குச் செய்யப் போகிறாராம்.

"கையை ஆட்டுறதுக்கு யாரைக் கூப்பிட்டாலும் வருவாங்களே. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"நீ இல்லேன்னா ஆளுக்கொரு பக்கம் ஆட்டுவாங்கம்மா. பார்த்த உடனே பொய்னு தெரிஞ்சிடும். நீ முதல் நாற்காலியில உக்காந்தாத்தான் முப்பது வில்லும் ஒண்ணா ஏறும், ஒண்ணா இறங்கும். அவங்க கை உனக்குத்தான் பழக்கம்."

வாயாலேயே சொல்லிவிட்டார். தன் கழுத்துக்குக் கயிற்றைத் தானே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஒருவாட்டி அவரைக் காப்பாத்துடி. இது வரலேன்னா ஹாலே போயிடும்."

அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. கூடப் பிறந்தவள் இல்லையா? அதனால்தான் அதைக் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அத்தான் எதுக்கு என்னை ஒவ்வொரு சுரமா வாசிக்கச் சொன்னாருன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

அவள் முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு ஏற்கெனவே சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள். தைலம் தேய்த்துவிட்ட அந்தக் கையை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மனசில் இளகினது கெட்டியாகிவிட்டது.

"வர்றேன் அத்தான்," என்றேன். "ஆனா எல்லார் சம்பளத்தையும் வில்லைத் தொடுறதுக்கு முன்னாடியே கையில குடுத்துடணும்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார்.

"சேச்சே! உங்கமேல இல்லாத நம்பிக்கையா?" என்று நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு என் சிரிப்பெல்லாம் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

முதல் நாள் ஒத்திகை. கூட்டத்தை அத்தானின் ஆபீஸ்காரர்கள் போன் போட்டுச் சேர்த்திருந்தார்கள். யாருக்குத்தான் வீடு வாசல் இல்லை, வந்தார்கள். வந்தவர்கள் என்னைத் தவிர ஹாலில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்தார்கள். நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பினால் யாராவது ஒருத்தர் வாய் சும்மா இருக்காது. எனக்கு அவர்கள் மனசு வேண்டாம், கை இருந்தால் போதும்.

ஹாலின் நடுவில் பெட்டி நிறைய மலிவான வில்கள் வைத்திருந்தார்கள். செல்லோவுக்குத் தனியாகத் தடித்த வில். எல்லாவற்றிலும் துணி துவைக்கிற சோப்பு வாசனை. எங்கள் சொந்த வில்களைப் பெட்டியிலேயே வைத்து மூடச் சொன்னார்கள். செல்லோக்காரர் கொடுத்த வில்லை முகர்ந்து பார்த்தார்.

"வாசிக்கக் கூப்பிட்டாங்களா, துவைக்கக் கூப்பிட்டாங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என் சிரிப்பைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. நாற்காலியைத் தூக்கி, எனக்கு முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி ஒருச்சாய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டினோம். பாட்டு ஆரம்பித்தது. மேலயா கீழயா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. மூன்று வருஷமாகச் சேர்ந்து உட்காரவில்லை. பார்க்கவே பிடிக்காத ஒருத்தியின் வில்லை இந்தக் கைகள் இன்னும் பின்பற்றுமா? அதனால் சரணத்துக்கு முன்னால், கீழே இறங்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே மேலே இழுத்தேன். தப்பான பக்கம். சின்னப் பிள்ளை கூடச் செய்யாது. அடுத்த நொடி முப்பது வில்லும் மேலே ஏறின. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரின் வில்லும் ஏறியது. பாதி வழியில்தான் அவருக்கே உறைத்தது. ஓரக்கண்ணால் என்னை ஒரு முறை முறைத்தார் பாருங்கள், எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, தோளில் பெரிய பை, எதையும் அப்படியே நம்புகிற முகமும் இல்லை, சந்தேகப்படுகிற முகமும் இல்லை. அத்தான் இஸ்திரி கலையாத சட்டையில் முன்னாலும் பின்னாலும் நடந்தார். எங்கள் சம்பளம் உறையில் வந்துவிட்டது. அதிகாரி ஹாலுக்குள் வந்து எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இவ்வளவு பேரா!" என்றார். "பாட்டுல பின்னாடி வர்ற வயலின் சத்தத்தையெல்லாம் நான் ஏதோ மெஷின்னு நினைச்சேன்."

"மெஷினுக்கு ஏதுங்க உயிர்?" என்றார் அத்தான். "எல்லாம் நம்ம உள்ளூர்க் கலைஞர்கள் வாசிக்கிறதுதான். இவங்களுக்கு ரெண்டு வேளைச் சோறு கிடைக்கட்டும்னுதான் நான் இந்த ஹாலே கட்டினேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. வெட்கம், மானம், சூடு, சொரணை ஏதாவது ஒன்று இருக்கிற ஆளுக்கு அந்தத் தழுதழுப்பு வராது. என் பக்கத்து நாற்காலிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

இயந்திர அறைக்குப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அக்கா டீத்தட்டோடு அங்கே நின்றாள். விளக்கு சிவப்பாக மாறியது. ஹெட்ஃபோனில் பாட்டு கிளம்பியது. நாங்கள் வில்லை ஆட்டினோம். ஹாலில் சட்டைத் துணி உரசுகிற சத்தத்தைத் தவிர எதுவுமில்லை. காதுக்குள் மட்டும் முப்பது வயலின். நான், நான், நான்.

உடனே நிறுத்திவிடவில்லை. பல்லவி போகட்டும் என்று விட்டேன். அதிகாரி தாளத்துக்குத் தலையாட்ட ஆரம்பித்தார். அத்தான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டார். அதற்காகத்தான் காத்திருந்தேன். பாட்டில் ஓர் இடம் வரும். எல்லா வயலினும் சேர்ந்து படிப்படியாக ஏறி, உச்சியில் போய் நிற்கும். அந்த ஏற்றம் தொடங்கியதும், நடுவில், நான் வில்லைத் தூக்கினேன். வயலினை மடியில் இறக்கினேன்.

முப்பது வில்லும் அந்தரத்தில் நின்றன.

வயலின்கள் நிற்கவில்லை. காதுக்குள் ஏறிக்கொண்டே போயின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரியின் தலையாட்டல் இன்னும் இரண்டு தாளம் ஓடி, அப்புறம் நின்றது. சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது. அவர் எங்களைப் பார்த்தார், மேலே ஸ்பீக்கரைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். இதைப் புரிந்துகொள்ள ஒருத்தருக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

அத்தான் துள்ளி எழுந்தார். கண்ணாடியில் முகத்தை வைத்து, கையை மேலும் கீழுமாக வீசி, ஆட்டு, ஆட்டு என்று காட்டினார். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வாயசைத்துக் காட்டுகிற முறை இப்போது அவருடையது. பின்வரிசையில் ஒருத்தர் பயந்துபோய் வில்லை மறுபடி கம்பியில் வைத்தார். என்னைப் பார்த்தார். எடுத்துவிட்டார்.

அத்தான் செல்லோக்காரரைப் பார்த்து விரலை நீட்டினார். மூத்தவரான அவர் ஆரம்பித்தால் மற்றவர்களும் ஆரம்பிப்பார்கள் என்று கணக்கு. இதுவரை நின்றது கைப்பழக்கத்தில். இனி நிற்பதற்கு அவர்கள் மனசும் வேண்டும், அதுதான் என் பக்கம் இல்லை. செல்லோக்காரர் கையிலிருந்த வில்லைப் பார்த்தார். திரும்பி, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, என்னை நேராகப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தச் சோப்புப் போட்ட வில்லைத் தரையில் வைத்து, காலால் தள்ளிவிட்டார்.

அதிகாரி எங்களோடு பேசுகிற பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

"யாரும்மா வாசிக்கிறது?"

"டெக்னிக்கல் பிரச்சினைங்க," என்று அத்தான் குரல் உள்ளே வந்து விழுந்தது. மெஷின் தட்டுகிற பையனிடம் கத்தினார், "டேய், நிறுத்துடா! நிறுத்து!"

"இருங்க. ஓடட்டும்," என்றார் அதிகாரி. "நீங்க சொல்லுங்கம்மா. யாரு வாசிக்கிறது?"

"நான்தாங்க," என்றேன். தலைக்கு மேலிருந்த மைக்கில் என் குரல் கணீரென்று கேட்டது. "எல்லாமே நான்தான். ஹாலைச் சோதிக்கணும்னு பொய் சொல்லி என்னை ஒவ்வொரு சுரமா வாசிக்க வச்சு, எனக்குத் தெரியாம மெஷின்ல ஏத்திக்கிட்டாரு. இவங்கள்ல ஒருத்தர்கூட நேத்து வரைக்கும் இந்த ஹாலுக்குள்ள கால் வச்சதில்லை. பேரு மட்டும் போட்டு வாங்கித் தின்னுட்டாரு. பொய்னு நினைச்சா எங்கக்காவைக் கேளுங்க. டீத்தட்டோட அங்கதான் நிக்கிறா."

அதிகாரி திரும்பி அக்காவைப் பார்த்தார். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அக்கா அத்தானைப் பார்த்தாள், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நானும் விடாமல் பார்த்தேன். மெதுவாக, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்த ஓர் ஆட்டலில்தான் ஊக்கத்தொகை போனது, பின்னாலேயே ஹாலும் போனது. புருஷனைத் தானே காட்டிக்கொடுக்க வைத்துவிட்டேன் என்று அதற்காகத்தான் அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவள் கோபம் நியாயம்தான். என் கோபமும் நியாயம்தான்.

பாட்டு தானாக முடிந்தது. அதிகாரி பையிலிருந்து பேனாவை எடுத்தவர், ஏதோ யோசித்து மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"உங்களுக்கெல்லாம் நிஜமா வாசிக்கத் தெரியுமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க!" என்று செல்லோக்காரர் பொங்கி எழுந்தார்.

பெட்டியைத் திறந்து தன் சொந்த வில்லை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ரோசின் கட்டியை எடுத்து, கோபம் தீர ஒரு தேய்ப்புத் தேய்த்தார். ஹால் முழுக்கப் பெட்டிகள் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, என்னைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ரம்பம்," என்றார். "மேலயா கீழயா?"

அழுதுவிடுவேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அத்தான் வெளியே போகப் பார்த்தார். அதிகாரி கதவை மறித்தாற்போல நாற்காலியைப் போட்டு, கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். அத்தானும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் என் வில்லை எடுத்துக் கம்பியில் வைத்தேன்.

"கீழ," என்றேன்.

முப்பது வில்லும் சேர்ந்து இறங்கின.